திருகோணமலையில இருந்துகொண்டு முதல் பாட்டை வெளியிடுறது எப்படி: புரொடியூசரைத் தேட முதல் காதைத் தயார் பண்ணுங்க

"ஒரு மியூசிக் புரொடியூசருக்கு 45,000 ரூபா குடுக்கப் போறன்" எண்டு நான் சொன்னபோது அம்மா கேட்டா, "தயாரிப்பாளர் எண்டா காசு போடுறவர்தானே, அவருக்கு நீ ஏன்டா காசு குடுக்கிறாய்?" எண்டு. நான் சிரிச்சுப்போட்டு விட்டுட்டன். உண்மையைச் சொன்னா அண்டைக்கு எனக்கும் பதில் தெரியாது. தெரியாமலே முழுக் காசையும் முன்னுக்குக் குடுத்து, ஏழு மாசம் காத்துக் கிடந்து, கடைசியா வட்ஸ்அப்பில ஒரு எம்பி3 வந்து விழுந்துது. என்ட குரல் எங்கயோ கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி. மாத்தித் தாங்க எண்டு கேட்டா ஆளிட லெப்டொப் உடைஞ்சு போச்சாம், ப்ரொஜெக்ட் ஃபைல் இல்லையாம். ஆர் எண்டு கேக்காதீங்க, சொல்லமாட்டன்.

ரெண்டாவது பாட்டு அப்பிடி நடக்கேல்ல. மூண்டரை மாசத்தில முடிஞ்சுது, சொன்ன காசுக்குள்ள நிண்டுது, கேட்டா எனக்கே பிடிக்குது. ரெண்டுக்கும் நடுவில நான் படிச்சதைத்தான் இதில எழுதுறன். நிலாவெளி, மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், டவுனுக்குள்ள எண்டு எங்கட பக்கம் கனபேர் பாட்டெழுதி போனுக்குள்ள வச்சுக்கொண்டு இருக்கிறீங்க, தெரியும்.

1. முதல்ல ஆர் ஆர் எண்டு பிரிச்சுப் பாருங்க

பீட், அதாவது பின்னணித் தாளமும் இசையும், செய்யிறவர் வேற. வாத்தியம் எது எங்க வரோணும் எண்டு அமைக்கிற அரேஞ்சர் வேற. மைக் வச்சு பதிவு செய்யிற ரெக்கோர்டிங் எஞ்சினியர், எல்லாச் சத்தத்தையும் அளவா சேர்க்கிற மிக்ஸிங் ஆள், கடைசியா பொலிஷ் போடுற மாஸ்டரிங் ஆள், எல்லாரும் வேற வேற. புரொடியூசர் எண்டிறவர் "இந்தப் பாட்டு முடியேக்க எப்பிடிக் கேக்கோணும்" எண்ட முடிவுக்குச் சொந்தக்காரர். தமிழ் சினிமாவில இந்த வேலையில பெரும்பங்கை இசையமைப்பாளரே செய்துடுறதால எங்களுக்கு இப்பிடியொரு ஆள் இருக்கிறதே கண்ணுக்குத் தெரியிறேல்ல, போதாக்குறைக்கு தயாரிப்பாளர் எண்ட சொல்லையும் காசு போடுற முதலாளி கொண்டு போயிட்டார்.

எங்கட ஊர்ச் சின்ன ஸ்டூடியோவில இந்த அஞ்சு வேலையையும் ஒரே ஆள்தான் செய்வார். அது பிழையில்ல. ஆனா "ஃபுல் பெக்கேஜ் தம்பி, எல்லாம் நான் பாக்கிறன்" எண்டு சொன்னா இந்த அஞ்சில எதெது அதுக்குள்ள வருது எண்டு ஒவ்வொண்டா கேட்டு எழுதி வையுங்க. என்ட முதல் பெக்கேஜுக்குள்ள மாஸ்டரிங் இருக்கேல்ல, அது எனக்குத் தெரிஞ்சது பாட்டு வெளிவந்த பிறகு.

2. ரெண்டு கிழமை கேக்கிறதுக்கு மட்டும் ஒதுக்குங்க

இதைத் தாண்டிப் போகாதீங்க, பெரிசா செலவில்லாத படி இது. ஒரு கொப்பி எடுங்க, போன் ஸ்பீக்கர் வேணாம், ஆயிரம் ரெண்டாயிரம் ரூபா ஹெட்போன் எண்டாலும் பரவாயில்ல. ஒவ்வொரு பாட்டையும் கேட்டுட்டு ஒரே கேள்வி: இதில பாடினவரும் எழுதினவரும் எடுக்காத முடிவு எது? அதை எழுதுங்க. நான் கேட்டுப் படிச்ச ஆக்களைச் சொல்றன், உங்கட ஆக்கள் வேறயா இருக்கலாம்.

இளையராஜா. பேஸ் கிட்டாரை மட்டும் பிடிச்சுக்கொண்டு பாட்டு முழுக்க நடந்து பாருங்க. பாடுறவர் ஒரு பாதையில போக அது தனக்கெண்டு வேற பாதையில போகும், ரெண்டும் முட்டாது. வயலின் கூட்டமும் அப்பிடித்தான், பாட்டுக்குப் பின்னால சும்மா நிக்காது, கதைச்சுக்கொண்டே இருக்கும். அவர் எல்லா வாத்தியத்துக்கும் நொட்டேஷன் முழுசா எழுதிக் குடுத்திடுறவர். அதாவது ஸ்டூடியோவுக்குள்ள வாத்தியக்காரர் கால் வைக்க முதலே பாட்டு பேப்பரில முடிஞ்சுட்டுது. இதில இருந்து நான் எடுத்தது காசு விஷயம்: ஸ்டூடியோவில மணித்தியாலக் கணக்குக்கு காசு ஓடுற நேரம் யோசிக்காதீங்க, யோசிக்கிறதை வீட்ட முடியுங்க.

ஏ.ஆர்.ரகுமான் அப்பிடியே மற்றப் பக்கம். கோடம்பாக்கத்தில வீட்டோட சொந்த ஸ்டூடியோ, பஞ்சதன் எண்டு பேர். 1992ல ரோஜா வந்தபோது எங்கட அப்பாமார் வியந்தது மெட்டை மட்டும் இல்ல, அந்தச் சத்தத்தோட துப்புரவை. கீழ் சத்தம் கீழ, மேல் சத்தம் மேல, நடுவில குரலுக்கு இடம். பாடகரை பல விதமா பாட விட்டுப் பதிஞ்சு வச்சுட்டு, பிறகு ஆறுதலா இருந்து வேண்டியதைப் பொறுக்கி எடுக்கிற ஆள். சொந்த ஸ்டூடியோ இருக்கிறவர் அப்பிடிச் செய்யலாம், மணிக்கு 2,500 குடுக்கிற நாங்க செய்ய ஏலாது. ஆனா ஒண்டு கவனியுங்க, அவரே ஒலிப்பதிவுக்கு எச்.ஸ்ரீதர் எண்ட எஞ்சினியரை நம்பி இருந்தவர், ஸ்ரீதர் 2008ல காலமாகும்வரைக்கும். அவ்வளவு பெரிய ஆளே எல்லாத்தையும் தனிய செய்யேல்ல.

ஜோர்ஜ் மார்ட்டின், பீட்டில்ஸ் எண்ட இங்கிலாந்து பாட்டுக் குழுவோட புரொடியூசர். 1965ல 'யெஸ்டர்டே' பாட்டுக்கு வயலின் குழு வைப்பம் எண்டு சொன்னது அவர்தான், பாடின போல் மக்கார்ட்னி முதல்ல தயங்கினவர். பெரிய கூட்டமும் இல்ல, நாலே நாலு பேர். புரொடியூசர் எண்டா இதுதான் எண்டு எனக்கு விளங்கினது அதிலதான். பாட்டுக்காரனுக்குத் தோணாத ஒண்டைச் சொல்லோணும், சொன்னதை அளவோட நிப்பாட்டவும் தெரியோணும்.

குயின்ஸி ஜோன்ஸ் எண்ட அமெரிக்க புரொடியூசர் ட்ரம்பெட் வாசிச்சு, அரேஞ்ச் பண்ணிப் பழகி வந்தவர். மைக்கல் ஜாக்சனோட 1982ல செய்த 'திரில்லர்' அல்பத்தில அவர் செய்த பெரிய வேலை ஆள் பிடிச்சது எண்டுதான் நான் சொல்லுவன். டான்ஸ் பாட்டுகளுக்கு நடுவில ஒரு ரொக் பாட்டு, அதுக்கு கிட்டார் வாசிக்க எடி வான் ஹேலன். எந்தப் பாட்டுக்கு எந்தக் கை எண்டு தெரிஞ்சிருக்கோணும். உங்கட புரொடியூசருக்கு ஒரு புல்லாங்குழல்காரரையாவது தெரியுமா, இல்ல கீபோர்டில இருக்கிற புல்லாங்குழல்தானா எண்டு கேளுங்க.

ரிக் ரூபின் எண்ட அமெரிக்க புரொடியூசரை நான் கடைசியாத்தான் கண்டுபிடிச்சனான், காசில்லாத எங்களுக்கு முதல்ல கேக்க வேண்டிய ஆளே அவர்தான். 1985ல எல்எல் கூல் ஜே எண்ட ரெப் பாடகரோட அல்பத்தில தன்ட பேருக்கு முன்னால 'தயாரித்தவர்' எண்டு போடாம 'குறைத்தவர்' எண்டு போட்டவர். 1994ல ஜொனி கேஷ் எண்ட வயசான நாட்டுப்புறப் பாடகரை, சந்தை கைவிட்டிருந்த நேரத்தில, தன்ட வீட்டு ஹோலில இருத்தி பெரும்பாலும் ஒரு குரல், ஒரு கிட்டார் எண்டு மட்டும் பதிஞ்சவர். கேட்டுப் பாருங்க, மனிசன் உங்கட பக்கத்துக் கதிரையில இருக்கிற மாதிரி இருக்கும். அதுக்கு முதல் என்ட பாட்டில இருபத்தெட்டு ட்ரெக் (தனித்தனியா பதிஞ்ச சத்தங்கள்) இருந்தது. இதைக் கேட்ட அண்டிரவு ஒன்பதாக் குறைச்சன்.

அமெரிக்காவில டிட்ரொய்ட் நகரத்தில ஜே டில்லா எண்டு பீட் செய்த பெடியன், 2006ல முப்பத்திரண்டு வயசில போயிட்டார். டிரம்ஸை கொம்பியூட்டர் கட்டத்துக்குள்ள அச்சொட்டா இழுத்து வைக்காம ஒண்டு கொஞ்சம் முந்தி, ஒண்டு கொஞ்சம் பிந்தி விழ விட்டார், அதால மெஷினில செய்த தாளம் ஆள் அடிச்ச மாதிரி மூச்சு விடும். இது எங்களுக்கு ஏன் முக்கியம் எண்டா, உடுக்கோ பறையோ தவிலோ பதிஞ்ச உடனே எங்கட ஆக்கள் ஒரு பட்டனைத் தட்டி எல்லா அடியையும் நேராக்கிடுவாங்க. தம்பலகாமத்து அண்ணன் ஒருத்தர் என்ட பாட்டுக்கு உடுக்கு அடிச்சவர், அவர்ட கையில ஒரு சின்ன இழுவை இருக்கு, கோயிலில கேட்டா உடம்பு சிலிர்க்கும். நேராக்கின பிறகு அது பிளாஸ்டிக் டப்பாவில தட்டின மாதிரி வந்துது. "அண்ணா, இதை மட்டும் நேராக்காம விடுங்க" எண்டு புரொடியூசரிட்ட கெஞ்சித்தான் திருப்பி எடுத்தன்.

லீ பெர்ரி, ஜமேக்கா நாட்டு ரெகே புரொடியூசர். வீட்டு வளவுக்குள்ள சின்ன ஸ்டூடியோ, நாலு ட்ரெக் டேப் மெஷின், அவ்வளவுதான். "எங்கட ஊரில சாமான் இல்ல" எண்டு சாட்டுச் சொல்றவைக்கு அவர்ட பாட்டுகளைப் போட்டுக் காட்டுங்க.

எங்கட நாட்டிலயும் ஒண்டு சொல்றன். 'மெனிகே மகே ஹிதே' எண்ட சிங்களப் பாட்டு முதல்ல 2020ல வந்துது. 2021ல யொஹானியும் சதீஷனும் பாடி, சமத் சங்கீத் இசை செய்த வடிவம்தான் இந்தியா வரை போனது. மெட்டு பழைய மெட்டுத்தான், உடுப்பு வேற. ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டா புரொடியூசர் எண்டிறவருக்கு ஏன் காசு குடுக்கிறம் எண்ட அம்மாட கேள்விக்குப் பாதிப் பதில் கிடைச்சிடும்.

ரெண்டு கிழமை முடிய கொப்பியில இருந்து மூண்டே மூண்டு பாட்டு தெரிவு செய்யுங்க. ஒண்டு குரல் எப்பிடிக் கேக்கோணும் எண்டதுக்கு, ஒண்டு தாளத்துக்கு, ஒண்டு மொத்தமா எவ்வளவு வெறுமை, எவ்வளவு நிறைவு எண்டதுக்கு. இதுக்குப் பேர் ரெஃபரன்ஸ். "நல்லா மாஸா வேணும் அண்ணா" எண்டு சொல்றது ரெஃபரன்ஸ் இல்ல.

3. டெமோ எடுங்க, கட்டையைக் கண்டுபிடியுங்க

போனிலயே பாடிப் பதியுங்க, மெட்ரொனோம் (ஒரே வேகத்தில தட்டிக்கொண்டிருக்கிற) அப் ஒண்டை ஹெட்போனில ஓட விட்டு. வேகம் எத்தனை பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை தட்டு) எண்டு எழுதுங்க. பிறகு கட்டை, அதாவது உங்கட சுருதி எந்த உயரத்தில எண்டது. ஸ்ருதி பெட்டி அப்பில ஒரு கட்டையில இருந்து அரை அரையா ஏத்தி, உங்கட சரணத்தில ஆக உயரமான இடத்தைப் பாடிப் பாருங்க, தொண்டை பிளக்காம வாற கட்டைதான் உங்கட கட்டை. புரொடியூசரிட்ட போய் நாலு கட்டை எண்டு சொன்னா அவர் எஃப் சுருதி எண்டு போட்டுக்கொள்வார். முதல் பாட்டில நான் இதைச் செய்யேல்ல. அவர் தனக்குச் சுகமான கட்டையில எல்லாத்தையும் வாசிச்சு முடிச்சுட்டார், பாடப் போனா எனக்கு மேல எட்டேல்ல, முழு ட்ரெக்கையும் மெஷினால இறக்கினதில கிட்டார் எல்லாம் சளி பிடிச்ச மாதிரி.

வரிகளை பேப்பரில மட்டும் வைக்காதீங்க. நான் கோட்டை வாசல் பக்கம் மரத்துக்குக் கீழ இருந்து பாடிப் பாத்துக்கொண்டு பேப்பரை பக்கத்தில வச்சனான், மான் ஒண்டு வந்து ரெண்டாம் சரணத்தை சாப்பிட்டுட்டுது. பகிடி இல்ல. அந்த வரிகள் திரும்ப வரவே இல்ல.

4. ஆளைத் தேடுறது

திருகோணமலைக்குள்ளயே வீட்டு அறையில நல்லா வேலை செய்யிற பெடியள் இருக்கிறாங்க, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், கொழும்பு எண்டு பாத்தா இன்னும் இருக்கு. கொழும்பெண்டா தரம் எண்டு நினைக்காதீங்க, என்ட 45,000 போனது அங்கதான். பீட் ஒன்லைனில வாங்குற எண்ணம் இருந்தா 5ம் படியை ரெண்டு தரம் வாசியுங்க.

மூண்டு பேரிட்டக் கதையுங்க. ஒவ்வொருத்தரிட்டயும் அவர் செய்த மூண்டு பாட்டை வாங்கி, "இதில நீங்க செய்தது எது அண்ணா?" எண்டு கேளுங்க. நேர்மையான ஆள் "மிக்ஸ் மட்டும்தான் தம்பி, அரேஞ்ச் வேற ஆள்" எண்டு சொல்லுவார். எல்லாம் நான்தான் எண்டா கவனம். பிறகு உங்கட மூண்டு ரெஃபரன்ஸையும் டெமோவையும் அனுப்பி, என்ன செய்வீங்க எண்டு கேளுங்க. ரெண்டாவது பாட்டுக்கு நான் பிடிச்ச அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பாட்டில உள்ளவருக்கு கோபமா, கவலையா?" எண்டு. மற்ற ரெண்டு பேரும் கேட்டது, "எவ்வளவு பட்ஜெட்?"

5. பேப்பர், பேப்பர், பேப்பர்

கூச்சமாத்தான் இருக்கும். தெரிஞ்ச அண்ணனிட்ட கையெழுத்துக் கேக்கிறதெண்டா எங்கட பக்கம் அவரை நம்பேல்ல எண்டு அர்த்தம். நான் சொன்ன விதம், "அண்ணா, எனக்கு மறதி கூட, ஒருக்கா எழுதி வைப்பம்." வேலை செய்தது. ஒரு பக்கம் தமிழில போதும், ரெண்டு கொப்பி, ரெண்டு பேரும் கையெழுத்து, அடையாள அட்டை இலக்கம், திகதி. உள்ளுக்க இருக்க வேண்டியது:

பாட்டுப் பேர், வரி ஆர், மெட்டு ஆர், இசை ஆர். மொத்தக் காசு, எத்தனை தவணை, எது முடிய எது. எத்தனை தரம் திருத்தம் இலவசம் (மூண்டு எண்டு போடுங்க). என்னென்ன ஃபைல் தருவார். முடிக்கிற திகதி. மாஸ்டர் பதிவுக்கு (முடிஞ்ச பாட்டோட மூலப் பதிவு) ஆர் சொந்தக்காரர். வருமானம் வந்தா ஆருக்கு எத்தனை வீதம். பேர் எப்பிடிப் போடுறது.

கடைசி ரெண்டையும் நட்பை நம்பி விட்டுடாதீங்க. 2021ல வந்து உலகம் முழுக்கப் போன 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டுக்குப் பிறகு ஆருக்கு எவ்வளவு பேர் எண்டு வெளியில எவ்வளவு வாக்குவாதம் நடந்தது எண்டு எல்லாரும் பாத்தம். பாட்டு ஓடாட்டி ஒரு பிரச்சினையும் இல்ல, ஓடினாத்தான் வரும்.

புரொடியூசருக்கு வீதமும் குடுக்கிறதா, ஒரே தரமா காசு குடுத்து முடிக்கிறதா எண்டது உங்கட பேச்சு. ஸ்டீவ் அல்பினி எண்டு ஒருத்தர், நிர்வாணா எண்ட அமெரிக்க ரொக் குழுவோட 1993 அல்பத்தைப் பதிஞ்சவர், வீதமே வேணாம், பிளம்பருக்குக் குடுக்கிற மாதிரி செய்த வேலைக்குக் கூலி தாங்க எண்டு கடிதமே எழுதினவர், ஒரு லட்சம் டொலரோட முடிச்சுக்கொண்டார். தன்னை புரொடியூசர் எண்டும் சொல்லேல்ல, எஞ்சினியர் எண்டுதான் சொன்னவர். வீதம் வாங்கியிருந்தா எவ்வளவு வந்திருக்கும் எண்டு நினைச்சா எனக்கு நெஞ்சடைக்குது. எங்கட அளவுக்கு முழுக் கூலி குடுத்து மாஸ்டரை உங்கட பேரில எழுதி எடுக்கிறதுதான் சுகம். காசு குறைவா வாங்குற ஆளெண்டா வீதம் குடுக்கிறதுதான் நியாயம்.

சட்டம் சுருக்கமா: 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்க எழுதின உடனேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துடும், எங்கயும் போய்ப் பதியத் தேவையில்ல, வாழ்நாளும் அதுக்குப் பிறகு 70 வருஷமும். அந்த உரிமையை ஒருத்தருக்கு மாத்திக் குடுக்கிறதெண்டா எழுத்தில கையெழுத்தோட இருக்கோணும். "பாட்டைப் பதிஞ்சு தாறன், 5,000 தாங்க" எண்டு ஆராவது வந்தா டீ குடுத்து அனுப்புங்க.

ஒன்லைன் பீட் வாங்குறவைக்கு: மலிவா போறது லீஸ், அதே பீட்டை இன்னும் நூறு பேர் பாவிப்பாங்க. எக்ஸ்க்ளூசிவ் எண்டாத்தான் உங்களுக்கு மட்டும். லீஸ் பீட்டில செய்த பாட்டை யூடியூபோட கன்டென்ட் ஐடிக்கு (அதே சத்தம் வேற ஆளின்ட வீடியோவில வந்தா பிடிக்கிற முறை) குடுக்கக் கூடாது. அப்லோட் பண்ணேக்க அந்த டிக்கை பழக்கத்தில போட்டுட்டு, முன்பின் தெரியாத ஒரு பெடியன்ட பாட்டுக்கு என்ட பேரில கிளெய்ம் விழுந்து, அவன் எனக்கு அனுப்பின மெசேஜை இதில எழுத ஏலாது. லைசன்ஸ் ஃபைல், கட்டின ரசீது ரெண்டையும் ஈமெயிலில பத்திரமா வையுங்க.

வாத்தியம் வாசிக்க வாறவரிட்டயும் ரெண்டு வரி வாங்குங்க: இன்ன பாட்டுக்கு வாசிச்சன், இவ்வளவு காசு பெற்றுக்கொண்டன்.

6. காசு

என்ட ரெண்டாவது பாட்டுக் கணக்கு இது, உங்கட கணக்கு கூடிக் குறையும். அரேஞ்சும் மிக்ஸும் மாஸ்டரும் சேத்து 50,000. புல்லாங்குழல் 8,000. குரல் பதிவு மூண்டு மணித்தியாலம் 7,500. உடுக்கு அண்ணன் காசு வாங்கேல்ல, அதால போக வர பஸ், சாப்பாடு எண்டு எல்லாருக்கும் சேத்து 6,000 மட்டில. கவர் படம் 3,000. மொத்தம் 74,500. இதுக்கு மேல டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பாட்டை ஸ்பொட்டிஃபை மாதிரி இடங்களுக்கு அனுப்புற கொம்பனி) டொலரில சந்தா.

தவணை: ஆரம்பத்தில 30 வீதம், குரல் பதிஞ்ச பிறகு 40, எல்லா ஃபைலும் கைக்கு வந்த பிறகு 30. அந்தக் கடைசி 30ஐ என்ன கதை சொன்னாலும் முன்னுக்குக் குடுக்காதீங்க. பேங்க் மூலம் அனுப்புங்க, குறிப்பில பாட்டுப் பேரைப் போடுங்க.

வீடியோவுக்கு லச்சக்கணக்கில வச்சுக்கொண்டு சத்தத்துக்கு 15,000 ஒதுக்கிற ஆக்களை எனக்குத் தெரியும். ட்ரோன் கோணேஸ்வரத்துக்கு மேல நல்லாத்தான் பறக்குது, பாட்டு கேக்க ஏலாது.

7. பதியிற நாள்

நாள் பாத்து வையுங்க, ஜோசியம் இல்ல, ஸ்பீக்கர். பக்கத்துக் கோயிலில திருவிழா, தேர் எண்டா விடிய இருந்து சாமம் வரை பாட்டுப் போகும். மார்கழியில திருவெம்பாவை விடியக்காலையில. நவம்பர், டிசம்பர் எண்டா மழை, சீட் போட்ட அறைக்குள்ள மழை பெய்தா பதிவு அவ்வளவுதான். பாங்கு சொல்ற நேரங்களையும் எழுதி வச்சுக்கொண்டு இடைவேளையை அதில விடுங்க. எங்களுக்கு நல்லா சரிவந்தது இரவு பத்துக்குப் பிறகு, காகமும் படுத்துடும்.

வீட்டிலயே பதியிறதெண்டா அம்மாட சேலை அலுமாரியைத் திறந்து வச்சு அதுக்குள்ள முகத்தைக் குடுத்துப் பாடுங்க, முதுகுக்குப் பின்னால தடிச்ச பெட்ஷீட் ஒண்டைத் தொங்க விட்டு. ஃபேனை நிப்பாட்டோணும். வேர்த்து ஊத்தும். பூச்சிமாத்திர மணத்தோட மூண்டு மணித்தியாலம். ஆனா எதிரொலி இல்லாம குரல் அப்பிடியே காதுக்குக் கிட்ட வரும், வாடகை அறையில எனக்கு அப்பிடி வரேல்ல.

குளிர் தண்ணி வேணாம். வரிகளை பெரிய எழுத்தில அடிச்சு ரெண்டு கொப்பி. ஒரு வரியை அஞ்சு தரத்துக்கு மேல பாட வைக்காதீங்க, ஆறாம் தரத்தில இருந்து வாய் மட்டும்தான் பாடும்.

ஸ்டூடியோவுக்கு கூட்டாளிமாரை கூட்டிக்கொண்டு போகாதீங்க. ஒரு ஆள் போதும்.

8. திருத்தம் சொல்றது

முதல் மிக்ஸ் வந்த உடனே பதில் போடாதீங்க. ஹெட்போனில ஒருக்கா, போன் ஸ்பீக்கரில ஒருக்கா, த்ரீவீலரில ஒருக்கா. எங்கட பாட்டு கடைசியா ஓடப்போறது த்ரீவீலரிலதான், அதால அங்க வரி விளங்கோணும். அடுத்த நாள் ஒரே மெசேஜா எழுதுங்க, நிமிஷம் செக்கனோட: "1:12ல புல்லாங்குழல் குரலை மூடுது", "2:40ல உடுக்கு இன்னும் கூட". "ஏதோ குறையுது அண்ணா" எண்டு எழுதினா அவர் எதிரொலியைக் கூட்டி அனுப்புவார், எனக்கு மூண்டு தரம் அப்பிடி நடந்தது.

சண்டை வரும். எங்களுக்கு வந்தது வயலினில. எனக்கு வேணும், புரொடியூசர் அண்ணனுக்கு வேணாம். அவர் ஒண்டும் கதைக்காம ஒவ்வொரு ட்ரெக்கா மூடிக்கொண்டு வந்தார், வயலின், கீபோர்ட், கிட்டார், கடைசியா என்ட குரலும் பேஸும் மட்டும். அறைக்குள்ள ஒருத்தரும் அசையேல்ல. கொப்பியில ரிக் ரூபின் எண்டு எழுதின எனக்கே அது என்ட பாட்டில நடக்கேக்கதான் விளங்கினது. ரெண்டாம் சரணத்தில வயலின் இல்ல இப்ப.

"சத்தம் காணாது, இன்னும் கூட்டுங்க" எண்டு மாஸ்டரிங்கில நெருக்காதீங்க. ஸ்பொட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தம் எவ்வளவு பெரிசாக் கேக்குது எண்ட அளவு) மட்டத்துக்குக் கிட்ட கொண்டு வந்துடும், நசுக்கிக் கூட்டினா அங்க குறைச்சுத்தான் ஓட விடும், நசுங்கினது மட்டும் மிச்சம்.

9. ஃபைல் வாங்கி, வெளியிடுறது

கடைசித் தவணைக்கு முதல் கைக்கு வர வேண்டியது: மாஸ்டர் வேவ் ஃபைல் (24 பிட்), குரல் இல்லாத வடிவம், குரல் மட்டும், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியா ஸ்டெம். குரல் இல்லாததை மறக்காதீங்க, மேடையில பாடக் கேட்டா அதுதான் வேணும். ஒரு கொப்பி பென் ட்ரைவில, ஒண்டு கூகுள் ட்ரைவில. லெப்டொப் உடையும், அது உறுதி.

கவர் படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரம். பேரை எல்லா இடத்திலயும் ஒரே எழுத்தில போடுங்க, ஒரு எழுத்து மாறினா ஸ்பொட்டிஃபையில ரெண்டு ஆளாயிடுவீங்க. ஐஎஸ்ஆர்சி (ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள அடையாள) இலக்கத்துக்கு தனியா காசு கேக்கிறவரை நம்பாதீங்க, டிஸ்ட்ரிபியூட்டர் தருவார். இசை, வரி, மிக்ஸ் செய்தவர் பேர்களை அப்லோட் பண்ணேக்கயே நிரப்புங்க. வெளிவந்த பிறகு மாத்திறது பெரிய அலைச்சல்.

சந்தா கட்ட முதல் பேங்குக்கு எடுத்து கார்ட்டில வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவைத் திறந்து விடச் சொல்லுங்க. டிஸ்ட்ரிபியூட்டரைத் தெரிவு செய்ய முதல் வருமானம் எந்த வழியால உங்கட கணக்குக்கு வரும் எண்டும் பாருங்க. சந்தா கட்டாம விட்டா பாட்டை இறக்கிடுற கொம்பனிகள் இருக்கு, அந்தப் பக்கத்தையும் வாசியுங்க. பெரிய ஆசையும் வைக்காதீங்க: 2024ல இருந்து ஸ்பொட்டிஃபையில ஒரு பாட்டு பன்னிரண்டு மாசத்துக்குள்ள ஆயிரம் தரம் ஓடினாத்தான் காசுக் கணக்கே தொடங்கும்.

நாலு கிழமை முன்னுக்கே அப்லோட் பண்ணுங்க. ஸ்பொட்டிஃபை பிளேலிஸ்டுக்கு அனுப்புறதெண்டா வெளியீட்டுக்கு ஆகக் குறைஞ்சது ஏழு நாளைக்கு முதல் அனுப்போணும், வெளிவந்த பாட்டை அதுக்கு அனுப்ப ஏலாது. நான் முதல் பாட்டை வியாழன் இரவு ஏத்தி வெள்ளிக்கு எதிர்பார்த்தனான். வந்தது அடுத்த புதன், அண்டைக்கு தைப்பொங்கல், வீட்டில ஒருத்தரும் போனையே பாக்கேல்ல.